கனகாம்பரம் பூக்கவில்லையா? உரத்தை விடுங்கள், முதலில் வேரைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: நர்சரியிலிருந்து வாங்கி வந்தபோது செடி முழுக்கப் பூக்கதிர் இருந்தது, மாடியில் தொட்டியில் வைத்த இரண்டு மாதத்தில் பூ நின்றுவிட்டது, துளிர் மஞ்சளாக வருகிறது, மதியமானால் தண்ணீர் ஊற்றியிருந்தும் இலை தொங்குகிறது, என்ன உரம் போடலாம்?

எதுவும் போடாதீர்கள், இப்போதைக்கு. கனகாம்பரத்துக்கு வரும் தொல்லைகளில் முக்கால்வாசி வேரில் ஆரம்பித்துத்தான் இலைக்கு ஏறுகிறது. வேர் கெட்டிருக்கும் செடிக்கு உரம் போட்டால் மண்ணில் உப்பு கூடும், மிச்சமிருக்கும் நல்ல வேரும் கருகும். அதனால் மேலே பார்த்து வைத்தியம் செய்வதை விட்டுவிட்டுக் கீழே பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும். கனகாம்பரம் நம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி. காட்டில் இது பெரிய மரங்களுக்குக் கீழே, இலைச் சருகு மக்கி உதிரியாகக் கிடக்கும் மண்ணில், கிளைகளுக்கு நடுவே விழும் வெளிச்சத்தில் வளர்கிற குறுஞ்செடி. உயரம் இரண்டு மூன்று அடிதான். ஆக, அதற்குப் பிடித்தது ஈரம் இருக்கும், ஆனால் தண்ணீர் நிற்காத மண்; வெளிச்சம் வேண்டும், ஆனால் நாள் முழுக்க உச்சி வெயில் வேண்டாம்; மண் லேசான புளிப்பாகவோ நடுத்தரமாகவோ இருக்க வேண்டும், காரத்தன்மை ஆகாது. நாம் மாடியில் கொடுப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். இறுகிய மண், சூடேறிய தளம், போர் தண்ணீர்.

சரி, வேரைப் பார்ப்பது எப்படி? முதல் நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் மண் பாதி காய்ந்த பதத்தில், தொட்டியைச் சாய்த்துப் பக்கவாட்டில் தட்டி, செடியின் அடித்தண்டை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு மண் கட்டியோடு வெளியே இழுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும், மண் கட்டியின் ஓரம் முழுக்க மயிரிழை போல நிறைய சல்லி வேர் தெரியும், முகர்ந்தால் மழை பெய்த மண் வாசனைதான் வரும். அழுகிய வேர் பழுப்பாக, நசுக்கினால் தோல் கையோடு உருவிக்கொண்டு உள்ளே நரம்பு மட்டும் நிற்கும், வாடை அடிக்கும். இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு, கனகாம்பரத்தில் அதைத்தான் நான் முதலில் தேடுவேன்: வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள், அல்லது சல்லி வேரே இல்லாமல் தடித்த வேரில் மட்டும் கருஞ்சிவப்பும் பழுப்புமாகக் கீறல் கீறலாகப் புண். அது நூற்புழு. முடிச்சு போட வைப்பது ஒரு வகை, புண் உண்டாக்குவது இன்னொரு வகை, கனகாம்பரத்துக்கு இரண்டுமே வரும். புழு கண்ணுக்குத் தெரியாது, அது செய்த வேலை மட்டும்தான் தெரியும். அது குடைந்த ஓட்டை வழியாக ஃபுசேரியம் என்ற வாடல் பூஞ்சணம் உள்ளே போகிறது, அப்போதுதான் நீங்கள் சொன்ன அந்த மதிய வாட்டம் ஆரம்பிக்கும். மண்ணில் ஈரம் இருக்கும், இலை தொங்கும், சாயங்காலம் நிமிரும், சில நாள் கழித்து நிமிராமலே போகும்.

வேர் வெறுமனே அழுகியிருந்தால் பயப்பட வேண்டாம். கெட்ட வேரைக் கத்தரித்து எடுத்துவிட்டு, மேலே கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, புது மண் கலவையில் நட்டு நிழலில் வைத்தால் பெரும்பாலும் தப்பித்துவிடும். மேலே குறைப்பது முக்கியம். வேர் குறைந்த செடியால் பழைய அளவு இலைக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது, பூக்கதிரை வெட்ட மனம் வராமல் அப்படியே விட்டால் செடியே போய்விடும்.

நூற்புழுவாக இருந்தால் கொஞ்சம் கடுமையாக நடந்துகொள்ள வேண்டும். செடி ரொம்ப மோசமென்றால் நுனியில் நோய் ஏறாத நல்ல குச்சிகளை வெட்டிப் புதிதாக வேர் பிடிக்க வைத்துவிட்டுத் தாய்ச்செடியை எடுத்துவிடுங்கள். அந்த மண்ணை இன்னொரு தொட்டியில் கொட்டக் கூடாது, அங்கும் போய்ப் பரவும். கோடையில் அந்த மண்ணை நன்றாக நனைத்து, ஒளி புகும் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி, கடும் வெயிலில் நாலு முதல் ஆறு வாரம் போட்டு வைத்தால் உள்ளே ஏறும் சூட்டில் பெரும்பகுதிப் புழு செத்துவிடும். தரையில் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு வழி துலுக்கச் செவ்வந்தி, அதாவது செண்டுமல்லி. அதன் வேரில் இருக்கும் ஆல்ஃபா டெர்தைனில் என்ற பொருள் நூற்புழுவைக் கொல்லக்கூடியது. கனகாம்பரம் வைக்கப் போகும் பாத்தியில் ஒரு பருவம் செண்டுமல்லி போட்டுவிட்டு, பூவெல்லாம் எடுத்த பிறகு செடியை அங்கேயே மடக்கி உழுதுவிடலாம், அல்லது வரிசைக்கு வரிசை ஊடுபயிராக வைக்கலாம். தொட்டி ஓரத்தில் ஒரே ஒரு செண்டுமல்லி நட்டுவிட்டுப் பலனை எதிர்பார்க்காதீர்கள், அது அழகுக்கு மட்டும்தான் உதவும். தொட்டிக்கு வேப்பம் பிண்ணாக்கு நல்லது, நடும்போதே ஒரு கைப்பிடி மண்ணோடு கலந்துவிட வேண்டும், வந்த பிறகு தெளிப்பதைவிட வருமுன் கலப்பதுதான் வேலை செய்யும். டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் இரண்டும் பூஞ்சணத்துக்கு எதிராக நிற்கும் நல்ல நுண்ணுயிர்கள். மக்கிய தொழுவுரத்தில் கலந்து ஒரு வாரம் நிழலில் லேசான ஈரத்தோடு வைத்திருந்து பிறகு மண்ணில் சேர்த்தால் அவை நன்றாகப் பெருகியிருக்கும்.

வேர் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இலை மஞ்சள் என்றால்? எந்த இலை என்று பாருங்கள். இதுதான் இங்கே எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும். அடியில் இருக்கும் பழைய இலை முழுசாக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவு, அல்லது வெறுமனே வயதான இலை. மேலே இருக்கும் இளந்துளிர் மஞ்சளாக, ஆனால் நரம்புகள் மட்டும் பச்சைக் கோலம் போட்டது போல் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இதுவும் உங்கள் செடியில் இருக்கும் என்றே நினைக்கிறேன். மண்ணில் இரும்பு இல்லாமல் போவதில்லை, மண் காரத்தன்மைக்கு மாறியதும் இருக்கிற இரும்பை வேரால் கரைத்து எடுக்க முடிவதில்லை. சுண்ணாம்பு அதிகமுள்ள போர் தண்ணீரைத் தினமும் ஊற்றினால் நாளடைவில் தொட்டி மண் அப்படித்தான் ஆகும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். உடனடி நிவாரணம் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட்: லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதோடு ஒரு கிராம் சிட்ரிக் அமிலமோ கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ சேர்த்து, கலந்த உடனே, சாயங்காலத்தில் இலையின் இரண்டு பக்கமும் படும்படி தெளியுங்கள். கரைசல் பழுப்பாக மாறிவிட்டால் பயன் இல்லை, கொட்டிவிடலாம். பத்து நாளுக்கு ஒரு தடவையாக இரண்டு மூன்று முறை தெளித்தால் புதிதாக வரும் துளிர் பச்சையாக வரும். ஏற்கெனவே வெளுத்த இலை முழுசாகத் திரும்பாமல் போகலாம், அதைப் பார்த்துத் தெளிப்பைக் கூட்டாதீர்கள், இலை கருகும். அன்னபேதி சுவரிலும் தரையிலும் துருக் கறை போடும், செடியைத் தள்ளி வைத்துத் தெளியுங்கள். நிரந்தரத் தீர்வு என்றால் மக்கு உரத்தைக் கூட்டுவது, முடிந்தபோதெல்லாம் மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுவது.

மண் கலவைக்குப் பெரிய சூத்திரம் ஒன்றும் கிடையாது. செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மணலும் கழுவிய தேங்காய் நார்க் கழிவும் சேர்ந்து ஒரு பங்கு. கழுவிய என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கழுவாத நார்க் கழிவில் உப்பு இருக்கும், கனகாம்பரம் உப்பைத் தாங்காது. களிமண்ணை மட்டும் சேர்க்காதீர்கள். கலவையைக் கையில் எடுத்து அமுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும், அந்தப் பதம் போதும். தொட்டி 10 முதல் 12 அங்குலம். சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகல் வரும், அதனால் வளர வளர மாற்றுங்கள். அடியில் ஓட்டை அடைபட்டிருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள், மாடித் தொட்டிகளில் பல செடிகள் சாவது இந்த ஒரு ஓட்டையால்தான். தண்ணீர் தினமும் இத்தனை டம்ளர் என்று கணக்கு வைக்காமல், விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடியில் வழியும் வரை ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். சித்திரை வெயிலில் இரண்டு வேளை தேவைப்படும், ஐப்பசியில் ஒரு வாரம் தொடவே வேண்டியிருக்காது.

வெயில் விஷயத்தில் காலை வெயில் நாலைந்து மணி நேரம் கிடைத்து மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடம்தான் அருமையான இடம். நாள் முழுக்க வெயிலிலும் வளரும், வயலில் அப்படித்தான் வளர்க்கிறார்கள், ஆனால் அங்கே வேர் தரையில் குளிர்ச்சியாக இருக்கிறது. கான்கிரீட் தளத்தில் கறுப்புப் பையில் இருக்கும் வேருக்கு அந்த வசதி இல்லை. கடும் வெயிலில் பூவின் நிறமும் வெளுக்கும். அதற்காக முழு நிழலில் வைத்துவிடவும் கூடாது, இலை மட்டும் கரும்பச்சையாகத் தளதளவென்று வரும், கதிர் வராது.

இனி பூ. நர்சரியில் நிறையக் கதிர் இருந்த செடி வீட்டுக்கு வந்ததும் நின்றுபோவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கனகாம்பரக் கதிரை ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலு பட்டையாக, பச்சைச் செதில்கள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியபடி இருக்கும். ஒவ்வொரு செதிலின் இடுக்கிலிருந்தும் ஒரு மெல்லிய குழல் நீண்டு, நுனியில் ஒரு பக்கமாக மட்டும் விசிறி போல விரிகிறது, மேல் பக்கம் இதழே இல்லாமல் பிளந்திருக்கும். அடியில் உள்ள பூ முதலில் விரிந்து, படிப்படியாக மேலே ஏறும், ஒரு கதிர் முழுக்கப் பூத்து முடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். பூவைப் பறிக்காமல் விட்டால், விதை வைக்கும் ரகமாக இருந்தால், அடியில் காய் பிடிக்கும், செடி தன் பலத்தையெல்லாம் அந்தக் காய்க்குக் கொடுத்துவிட்டுப் புதுக் கதிர் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் பூவை எடுத்துவிடுங்கள். விரிந்த பூ செடியிலேயே இரண்டு மூன்று நாள் வாடாமல் நிற்கும், தினமும் பறிக்க வேண்டிய அவசரம் இல்லை. கதிர் முடிந்ததும் அதை மட்டும் கிள்ளாமல், கீழே இருக்கும் ஒரு ஜோடி இலையையும் சேர்த்து, அதற்கும் கீழே உள்ள கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவின் இரண்டு பக்கமும் இரண்டு கிளை கிளம்பும், இரண்டிலும் கதிர் வரும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிச் செடி குத்தாக அடர்வது இப்படித்தான். வெட்டாமல் விட்ட செடி நெடுநெடுவென்று போய் அடியில் குச்சி தெரிய நிற்கும், நுனியில் மட்டும் ஒன்றிரண்டு கதிர் இருக்கும். அப்படி ஆகிவிட்ட பழைய செடியைத் தரையிலிருந்து அரை அடி விட்டு மொத்தமாகக் கவாத்து செய்யலாம், வேர் நன்றாக இருந்தால் தளிர்த்துவிடும். நாளாக ஆகப் பூவின் எண்ணிக்கையும் அளவும் குறையத்தான் செய்யும், மூன்று வருடம் தாண்டினால் குச்சி எடுத்துப் புதுச் செடி போட்டுக்கொள்வதே மேல்.

உரத்தைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, வேர் தெளிந்து புதுத் துளிர் வந்த பிறகு ஆரம்பியுங்கள். மாதம் ஒரு தடவை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புளித்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து ஊற்றுவது, இவ்வளவு போதும். தழைச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டால் இலைதான் வரும்.

எந்த ரகம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பெருக்கும் முறை அதைப் பொறுத்தது. சாதா ஆரஞ்சு, செபாக்குலிஸ் சிவப்பு, லூட்டியா மஞ்சள் எல்லாம் விதையில் வரும். டெல்லி கனகாம்பரம் என்று சொல்லும் பளிச்சென்ற, பெரிய இதழுள்ள ரகம் விதை வைக்காது. அதன் செல்லில் குரோமோசோம் தொகுதிகள் இரண்டுக்குப் பதில் மூன்று, நாம் சாப்பிடும் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் இதே காரணம்தான். காய்க்குப் பலம் போகாததால் டெல்லி ரகம் பூத்துக்கொண்டே இருக்கும், ஆனால் நூற்புழுவுக்கும் வாடலுக்கும் அதுதான் சீக்கிரம் விழும். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா போன்ற ரகங்களையும் வெளியிட்டிருக்கிறது, கிடைத்தால் வைத்துப் பாருங்கள். பச்சைக் கனகாம்பரம் என்று விற்பது பெரும்பாலும் வேறு இனச் செடி, குடும்பம் மட்டும்தான் ஒன்று.

டெல்லி ரகத்துக்குக் குச்சிதான் வழி. கதிர் இல்லாத நுனிக் கிளையாக, ரொம்ப இளசும் இல்லாமல் முற்றியும் போகாமல், நாலைந்து அங்குலத்துக்குக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை எடுத்துவிட்டு மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, மணலும் நார்க் கழிவும் கலந்த ஈரக் கலவையில் ஒரு கணு புதையும்படி நடுங்கள். மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் மூன்று நாலு வாரத்தில் வேர் பிடிக்கும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்காமல், புதுத் துளிர் வருகிறதா என்று பாருங்கள்.

விதை எடுப்பது தனி அனுபவம். கதிர் காய்ந்து பழுப்பான பிறகு அடிச் செதில்களுக்குள் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய நீளத்தில் காய் இருக்கும், உள்ளே நாலு விதை வரை. ஒரு காய்ந்த கதிரை வெட்டித் தட்டில் வைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் டப் என்று காய் இரண்டாகப் பிளந்து விதை தெறித்து ஓடும், ஒவ்வொன்றாக எல்லாக் காயும் வெடிக்கும். காயின் உள்ளே ஒவ்வொரு விதைக்கும் அடியில் ஒரு கொக்கி இருக்கிறது, அதுதான் விதையை உந்தி எறிகிறது. ஆடாதோடை, டிசம்பர் பூ, நிலவேம்பு எல்லாம் இதே குடும்பம், அவற்றின் காயிலும் இந்தக் கொக்கியைப் பார்க்கலாம். 1759இல் லின்னேயஸ் கனகாம்பரத்துக்குப் பெயர் வைத்தபோது அதை ஆடாதோடை இருக்கும் ஜஸ்டிசியா பேரினத்தில்தான் சேர்த்திருந்தார். மழை வந்தால் மட்டும் வெடிப்பது செடிக்கு எவ்வளவு நல்லது பாருங்கள், விதை விழுகிற இடம் அப்போதுதான் முளைக்கத் தோதாக ஈரமாக இருக்கும். விதை சேகரிக்க நினைப்பவர்கள் மழைக்கு முன்பே கதிரை வெட்டி, மேலே துணி போட்டு மூடிய பாத்திரத்தில் வைத்து நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் அறை முழுக்கப் பொறுக்க நேரும். எடுத்த விதையைச் சீக்கிரம் போட்டுவிடுங்கள், பழசானால் முளைப்பு குறையும். மேலாகத் தூவி மெல்லிய மண் போர்த்தினால் போதும், முளைக்க இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், இரண்டு மாதத்து நாற்றை எடுத்து நடலாம், நட்ட இரண்டு மூன்று மாதத்தில் முதல் கதிர் பார்க்கலாம்.

பூச்சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி மூன்றும் வரும், இலையின் அடிப்பக்கத்தையும் கதிரின் செதில் இடுக்கையும் வாரம் ஒரு தடவை பாருங்கள், ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பாதி போய்விடும், மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். மண்ணுக்குப் பக்கத்தில் தண்டோடு ஒட்டி மாவுப்பூச்சி இருந்தால் எறும்பைத் தேடுங்கள், எறும்புதான் அதைக் கொண்டுவந்து காப்பாற்றுகிறது.

கடைசியாகக் காலம். அடைமழையிலும் மார்கழிக் குளிரிலும் பூ குறைவது இயல்பு, இது வெதுவெதுப்பை விரும்பும் செடி, உறைபனி பட்டால் செத்தே போகும். அந்த மாதங்களில் பூ இல்லையே என்று கவாத்து செய்வதும் உரம் கொடுப்பதும் வேண்டாம். தொட்டியை மழை நேராகக் கொட்டாத இடத்துக்கு நகர்த்தி, தண்ணீரைக் குறைத்து, மஞ்சளான இலைகளை மட்டும் எடுத்துவிட்டு இருங்கள். தை போய் வெயில் ஏறத் தொடங்கியதும் லேசாகக் கவாத்து செய்து, மேல் மண்ணைக் கிளறி வேப்பம் பிண்ணாக்கும் மண்புழு உரமும் சேர்த்துவிட்டால் பங்குனியில் கதிர் வந்துவிடும். இப்போது உங்கள் செடியை வெளியே எடுத்து வேர் என்ன நிறத்தில் இருக்கிறது, முடிச்சு இருக்கிறதா, எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.